விண்வெளியும் தொழிற்சாலையும்: வொய்வொட் குழுவின் இசைமாற்றம் பற்றிய ஒரு நோக்கு

1

கலைஞரொருவர் தமக்குப் பழகிய வடிவத்தைக் கைவிட்டுப் புதியதொன்றை நாடும்போது அம்மாற்றத்தை வளர்ச்சி என்பர் ஒரு சாரார். துரோகம் என்பர் மறுசாரார். இவையிரண்டும் மதிப்பீடுகளேயன்றி விளக்கங்கள் அல்ல. பழைய வடிவம் ஒரு குறிப்பிட்ட காலத்திற் போதாமற் போனதேன், அதனிடத்தில் வந்த வடிவம் எதனைச் சொல்ல உதவிற்று, எதனைச் சொல்லாமல் விட உதவிற்று என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே மதிப்பீடு பொருளுடையதாகும். கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த வொய்வொட் என்னும் மெற்றல் இசைக்குழு 1984ஆம் ஆண்டுக்கும் 1993ஆம் ஆண்டுக்கும் இடையில் அடைந்த மாற்றத்தை இவ்வினாக்களின் துணைகொண்டு ஆராய முற்படுகிறோம்.

இத்தகைய இசை ஆய்வுக்குரியதா என ஐயுறுவோர் உளர். வெகுசன இசை முழுவதும் ஒரே அச்சில் வார்க்கப்பட்ட சந்தைப் பொருள் என்ற கருத்தினை அடோர்னோ 1941ஆம் ஆண்டில் வெளிவந்த தமது கட்டுரையில் வலியுறுத்தினார். அவரது கணிப்பில் உண்மை உண்டு. எனினும், அச்சில் வார்க்கப்பட்ட பொருளைக்கொண்டே அச்சினை உடைக்க முனைவோரும் அவ்வப்போது தோன்றுகின்றனர். அவர்கள் எந்த அளவுக்கு வெற்றி பெற்றனர், எவ்விடத்தில் அச்சு அவர்களை மீண்டும் விழுங்கிற்று என்பதைக் காண்பதும் விமர்சனத்தின் கடமையேயாகும்.

இவ்விடயத்தில் எம்மை ஈர்ப்பது ஒரு சொல்லுமாகும். இசை வரலாற்றாசிரியர்கள் வொய்வொட் குழு 'புறொகிறெசிவ்', அதாவது 'முற்போக்கு' இசையை நோக்கி நகர்ந்தது என்பர். அவர்கள் கருதுவது நீண்ட அமைப்பும், ஒழுங்கற்ற தாளக்கட்டும், செறிந்த சுரச்சேர்க்கையும் உடைய இசை வகையினையே. எமது விமர்சன மரபிலோ முற்போக்கு என்பது சமூகத்தை மாற்ற விழையும் உலகநோக்கினைக் குறிப்பது. வடிவத்தில் முன்னேறியது நோக்கிலும் முன்னேறியதாகுமா? பூமியை விட்டு விண்வெளிக்குச் செல்லும் கலை சமூக யதார்த்தத்திலிருந்து தப்பியோடுவதாகுமா? இவ்வினாக்களே இக்கட்டுரைக்கு ஆதாரமானவை.

2

மெற்றல் இசையின் பிறப்பே தொழிற்சாலையோடு பிணைந்தது. பேமிங்ஹாம் நகரத்துப் பிளாக் சபத் குழுவின் கிற்றார் கலைஞர் ரொனி அயோமி, பதினேழு வயதில் உலோகத்தகட்டுத் தொழிற்சாலையொன்றில் நேர்ந்த விபத்தில் வலக்கரத்து இரு விரல்களின் நுனிகளை இழந்தார். செயற்கை நுனிகளைப் பொருத்திக்கொண்டு வாசிப்பதற்காகத் தந்திகளைத் தளர்த்த வேண்டியதாயிற்று. அத்தளர்ச்சி தந்த கனத்த ஒலி பின்னர் ஓர் இசை வகையின் அடையாளமாயிற்று. ஒரு வடிவத்தின் தோற்றத்தில் உற்பத்தி நிலைமைகள் நேரடியாகத் தடம் பதித்தமைக்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

வொய்வொட் தோன்றிய சூழலும் அத்தகையதே. 1982ஆம் ஆண்டில் கியூபெக்கின் சகெனே பிரதேசத்திலுள்ள ஜோன்கியேர் நகரில் இக்குழு அமைந்தது. அந்நகரோடு 1975இல் இணைக்கப்பட்ட ஆர்விடா, அலுமினியக் கொம்பனியொன்று தனக்கென நிருமாணித்த நகரமாகும். அதன் பெயரே கொம்பனித் தலைவர் ஆதர் வைனிங் டேவிஸ் என்பவரது பெயரின் முதலெழுத்துக்களைக் கோத்து ஆக்கப்பட்டது. 1926இல் உருக்காலை இயங்கத் தொடங்கிற்று. இரண்டாம் உலகப்போரின்போது நேசநாடுகளின் போர் விமானங்களுக்கு வேண்டிய அலுமினியத்தை வழங்கும் தலையாய மையமாயிற்று. மூலப்பொருளான பொக்சைற் அக்காலத்தில் பிரித்தானியக் கயானாவிலிருந்து கப்பலேறி வந்தது. குடியேற்ற நாட்டின் மண்ணும், கியூபெக்கின் நீர்மின்சாரமும், பிரெஞ்சு பேசும் தொழிலாளரின் உழைப்பும், ஆங்கிலம் பேசும் மூலதனமும் ஒன்றுகூடிய இடம் அது. அதே பிரதேசத்திலேயே பகொற்வில் விமானப்படைத் தளமும் உள்ளது. அங்கிருந்த வூடு ரகப் போர் விமானங்கள் ஜீனி என்னும் அணு ஏவுகணைகளைத் தாங்குவதற்கென அமைந்தவை. அவ்விமானங்கள் சேவையிலிருந்து விலக்கப்பட்டதோடு 1984இல் கனடாவின் கடைசி அணுவாயுதங்களும் அகற்றப்பட்டன.

குழுவினரின் இளமைக்கால அரசியற் சூழலையும் மனங்கொள்ளுதல் வேண்டும். 1980 மே மாதத்தில் நடைபெற்ற சர்வசன வாக்கெடுப்பில், கியூபெக்கின் இறைமை குறித்துப் பேச்சுவார்த்தை நடத்த ஆணை கோரிய பிரேரணை ஏறத்தாழ 60 வீதத்தினரால் நிராகரிக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து வந்த பொருளாதார மந்தத்தில், 1983ஆம் ஆண்டளவில் கனடாவின் வேலையின்மை 12 வீதத்தை எட்டிற்று. தேசியக் கனவு தளர்ந்து, தொழில் வாய்ப்பும் சுருங்கிய ஒரு தலைமுறையின் குரலாக இவ்விசை எழுந்தது எனல் மிகையாகாது.

3

டெனி டமூர் கிற்றாரும், டெனி பெலான்ஜே பாட்டும், ஜோன் ஈவ் தெறியோ பேஸ் கிற்றாரும், மிஷெல் லான்ஜெவன் முரசும் ஏற்றனர். முறையே பிகி, ஸ்னேக், பிளக்கி, அவே என்னும் புனைபெயர்களால் இவர்கள் அறியப்பட்டனர். லான்ஜெவன் முரசுக் கலைஞர் மட்டுமல்லர். குழுவின் இசைத்தட்டு உறைகளை வரைந்த ஓவியரும், 'வொய்வொட்' என்ற கற்பனைப் பாத்திரத்தைப் படைத்த கதாசிரியரும் அவரே. ஸ்லாவிய மொழிகளிற் படைத்தலைவரைக் குறிக்கும் பட்டப்பெயர் இது. டிராகுலா நாவல் வழியாக அவரை வந்தடைந்தது. அணுப்போருக்குப் பிந்திய பாழ்நிலத்தில் அலையும் போர்வீரனாகவே அப்பாத்திரம் முதலில் உருவகிக்கப்பட்டது.

1984இல் வெளிவந்த 'வார் அண்ட் பெயின்', 1986இல் வெளிவந்த 'றோர்' ஆகிய முதலிரு இசைத்தட்டுக்களும் வேகத்தையும் பேரிரைச்சலையும் தமது முழு ஆயுதமாகக் கொண்டவை. இரண்டாவதன் தலைப்பு, ஓர் உறுமலை எழுத்துக்களை நீட்டி அச்சிட்டதேயாகும். அச்சத்தை உணர்த்துவதில் இவை வல்லவை. ஆயின் அச்சத்தின் காரணத்தை உணர்த்த இவற்றால் இயலவில்லை. எல்லாம் ஒரே வேகத்தில், ஒரே உரப்பில் ஒலிக்கும்போது கேட்போனுக்கு வேறுபாடுகள் புலப்படா. வேறுபாடு இல்லாவிடத்து விமர்சனமும் இல்லை. போரை எதிர்க்கும் இசை போரின் ஆரவாரமாகவே நின்றுவிடும் அபாயம் இங்கு இருந்தது. வொய்வொட் குழுவின் மாற்றத்தை இப்போதாமையிலிருந்தே விளக்குதல் வேண்டும்.

அவர்கள் நாடிய திசையும் முற்றிலும் அந்நியமானதன்று. பிரித்தானியாவில் 1967இல் பின்க் புளொயிட் குழுவின் முதல் இசைத்தட்டோடு முளைத்த விண்வெளி றொக், 1970களில் ஹோக்விண்ட் குழுவிடம் முழு வடிவம் பெற்றது. அறிபுனை எழுத்தாளர் மைக்கல் மூர்கொக் அக்குழுவோடு இணைந்து பணியாற்றினார். அதிலே பேஸ் கிற்றார் வாசித்த லெமி 1975இல் வெளியேற்றப்பட்ட பின்னர் தொடங்கியதே மோட்டர்ஹெட். அக்குழுவின் வேகமே வொய்வொட் போன்ற இளைஞருக்கு முன்மாதிரியாயிற்று. ஆகவே வேகமான மெற்றலும் விண்வெளி றொக்கும் ஒரே அடிமரத்தின் இரு கிளைகள். வொய்வொட் மெற்றலுக்குத் துரோகம் இழைத்தது என்போர் இவ்வுறவை மறந்தவராவர்.

4

1987இல் வெளிவந்த 'கில்லிங் ரெக்னோலொஜி' திருப்புமுனையாக அமைந்தது. அப்போது சுவரால் சூழப்பட்டிருந்த மேற்கு பேர்லினில், ஹரிஸ் ஜோன்ஸ் என்னும் தயாரிப்பாளரின் கீழ் இது பதிவாயிற்று. வொய்வொட் என்ற பாத்திரம் பாழ்நிலத்தை நீங்கி விண்கலமேறுவது இதிலேயாம். தப்பியோடல் எனக் குற்றஞ்சாட்டுவோர் இவ்வாண்டுகளின் வரலாற்றைச் சற்று நினைவுகூர்தல் நன்று. 1983 மார்ச்சில் றேகன் விண்வெளியை ஏவுகணைப் பாதுகாப்புக் களமாக்கும் திட்டத்தை அறிவித்தார். 1986 ஜனவரியில் சலெஞ்சர் விண்ணோடம் ஏழு பேருடன் வானில் வெடித்துச் சிதறிற்று. அதே ஆண்டு ஏப்பிரலில் செர்னோபில் அணு உலை வெடித்தது. விண்வெளி அப்போது கனவுலகாக இருக்கவில்லை. வரவுசெலவுத் திட்டங்களில் இடம்பெற்ற போர்க்களமாக இருந்தது. அணு உலை விபத்தும், விலங்குகள் மீதான மருத்துவப் பரிசோதனையும், விண்ணிலே மறக்கப்பட்ட கைதிகளும் இவ்விசைத்தட்டின் பாடுபொருள்களாயின. பூமியில் நிகழ்வனவற்றை அவர்கள் மறக்கவில்லை. அவற்றைப் பார்ப்பதற்குப் போதிய உயரத்தை நாடினர் என்பதே பொருந்தும்.

இவ்விடத்திலே டார்கோ சுவின் முன்வைத்த கோட்பாடு எமக்குத் துணைபுரிகிறது. மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்திற் பல்லாண்டு கற்பித்த அவர், அறிபுனையை 'அறிவுசார் அந்நியமாக்கல்' என 1979இல் வெளிவந்த நூலில் வரையறுத்தார். வாசகனுக்குப் பழகிப்போன உலகைப் பழகாததாக்கி, அதனால் அதன் இயல்பை அறியச் செய்வதே அறிபுனையின் பணி என்பது அதன் சாரம். பிறெஹ்ற் நாடகத்துக்கு வகுத்த நெறியின் தொடர்ச்சி இது. எச்.ஜி. வெல்ஸ் 1898இல் நூலாக வெளியிட்ட செவ்வாய்க் கிரகவாசிகளின் படையெடுப்புக் கதை, தஸ்மேனிய மக்களுக்கு ஐரோப்பியர் இழைத்த அழிவை இங்கிலாந்தின் வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்திற்று. ஐக்கிய அமெரிக்காவில் சன் றா என்னும் கறுப்பின இசைவாணர் தம்மைச் சனிக்கிரகத்தவர் என அறிவித்தமையும், பூமியில் தம் மக்களுக்கு இடமின்மையைக் கூறும் ஒரு முறையேயாகும். எனவே விண்வெளி என்னும் களம் தன்னளவில் பிற்போக்கானதன்று. அங்கிருந்து எங்கே பார்வை திரும்புகிறது என்பதே அளவுகோல்.

5

இவ்வளவுகோலின்படி 1988இல் வெளிவந்த 'டிமென்ஷன் ஹற்றோஸ்' இக்குழுவின் உச்சப் படைப்பு எனக் கருதுகிறோம். துகள்களை மோதச் செய்து திறந்த வேறொரு பரிமாணத்துள் வொய்வொட் புகுந்து, அங்குள்ள சமூகங்களை ஒவ்வொன்றாகக் காண்பதே கதை. குலக்குழுவின் நம்பிக்கைகள், குழப்பம் விதைப்போர், தொழில்நுட்ப ஆட்சியாளரின் சூழ்ச்சி, மூளையைத் துருவும் கண்காணிப்பு எனப் பாடல்களின் தலைப்புக்களே ஒரு சமூகவியற் பயணத்தை உணர்த்துகின்றன. சுவிப்ற் தமது கலிவரைத் தீவுதோறும் அனுப்பியமைக்கும் இதற்கும் உறவு வெளிப்படை.

உள்ளடக்கத்தின் இம்மாற்றம் உருவத்தின் மாற்றமின்றி நிகழ்ந்திருக்க முடியாது. டமூரின் கிற்றார் வாசிப்பு இங்கு கூர்ந்து நோக்கத்தக்கது. மெற்றல் இசையின் அடித்தளம், அடிச்சுரமும் ஐந்தாம் சுரமும் சேர்ந்த உறுதியான இரட்டைச் சுரச் சேர்க்கை. அவர் அவ்வுறுதியைக் குலைத்து, குறுகிய இடைவெளிகளும் முரணொலியும் கொண்ட சேர்க்கைகளை அடுக்கினார். கேட்பவனின் செவி இளைப்பாற ஓர் 'இல்லம்' இல்லாது போகிறது. தாளக்கட்டும் சமநிலையில் நில்லாது ஐந்து, ஏழு என இடையிடையே மாறுகிறது. வேகம் முற்றாக நீங்கவில்லை. ஆயின் அது இடைமறிக்கப்படுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் திடீரென நின்று வேறொரு கதியில் மீண்டும் தொடங்குவது போன்ற உணர்வு எழுகிறது. முதலிரு இசைத்தட்டுக்களில் இசை இயந்திரத்தைப் போலவே ஓடிற்று. இங்கோ இயந்திரத்தின் ஓட்டத்தை நாம் கவனிக்கும்படி செய்கிறது. போலச்செய்தலுக்கும் வெளிப்படுத்தலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. கிங் கிறிம்சன் முதலிய குழுக்களிடமிருந்து பெற்ற நுட்பங்கள் இங்கு அணிகலன்களாக நில்லாமல், சொல்லவந்த பொருளுக்கு இன்றியமையாதவையாக அமைந்துள்ளன.

1989இல் வெளிவந்த 'நத்திங்பேஸ்' இப்பயணத்தை அகத்தே திருப்பிற்று. முகமின்மையைச் சுட்டும் தலைப்பே இதன் பொருளைக் கூறிவிடுகிறது. பின்க் புளொயிட்டின் 'அஸ்ற்றொனமி டொமினே' என்ற பாடலை இதிலே மீளப்பாடி, குழு தனது மரபினைப் பகிரங்கமாக உரிமைகொண்டாடிற்று. இரைச்சல் தணிந்து, ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியே தெளிவாக ஒலிக்கிறது; பெலான்ஜேயின் குரல் கத்துதலை விட்டுப் பாடுதலாகிறது. பெருங் கொம்பனியான எம்.சி.ஏ. வழியாக வெளிவந்த இவ்விசைத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 114ஆம் இடத்தை எட்டிற்று. குழுவின் தலைசிறந்த படைப்பு இதுவே என்போர் பலர். இசைநுட்பத்தை மட்டும் நோக்குமிடத்து அக்கூற்றை மறுத்தல் கடினம். ஆயினும் முன்னைய இசைத்தட்டிற் பல சமூகங்களைக் கண்ட கண் இங்கே ஒரு மனிதனின் மண்டையோட்டுக்குள் அடைபட்டுவிடுகிறது. அந்நியமாதலை இவ்வளவு துல்லியமாக ஒலிப்படுத்திய மெற்றல் படைப்புக்கள் சிலவே. எனினும் அந்நியமாதலை உண்டாக்கும் உறவுகள் காட்சியிலிருந்து விலகுகின்றன. விளைவு நிற்க, காரணம் மறைகிறது.

6

இவ்விலகலின் தொடர்ச்சியைப் பின்வந்த ஆண்டுகளிற் காணலாம். 1991இன் 'ஏஞ்சல் றற்', கனடாவின் புகழ்பெற்ற றஷ் குழுவுக்குத் தயாரிப்பாளராக விளங்கிய ரெறி பிறவுணின் கைவண்ணத்தில் மென்மையும் இனிமையும் எய்தியது. 1993இன் 'தி அவுற்றர் லிமிற்ஸ்' பதினேழு நிமிடங்களுக்கு மேல் நீளும் 'ஜக் லூமினஸ்' என்ற பாடலைக் கொண்டது. முப்பரிமாணமாகத் தோன்றும் ஓவியங்களைப் பார்க்கச் சிவப்பு, நீலக் கண்ணாடியும் உடன் வழங்கப்பட்டது. நுட்பம் குறையவில்லை. ஆயின் பனிப்போர் முடிந்த அவ்வேளையில் விண்வெளி தனது அச்சுறுத்தலை இழந்து, பழைய அறிபுனைச் சஞ்சிகைகளின் இனிய நினைவாக மாறத் தொடங்கிற்று. அறிவுறுத்தும் அந்நியமாக்கல் வேடிக்கை காட்டும் கண்ணாடியாகச் சுருங்கியது எனலாம். வடிவம் முன்னேறிக்கொண்டே செல்ல நோக்கு தேங்கி நிற்றல் கூடும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

இன்னுமொரு குறையைச் சுட்டாதிருத்தல் நேர்மையாகாது. 1941 யூலையில் ஆர்விடா உருக்காலைத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து ஆலையைக் கைப்பற்றினர், இராணுவம் வரவழைக்கப்பட்டது. நாசவேலை நடந்ததெனச் சந்தேகம் கிளப்பப்பட்டது. பின்னர் நியமிக்கப்பட்ட விசாரணை ஆணைக்குழு அதற்கு ஆதாரம் காணவில்லை. இத்தகைய வரலாறுடைய மண்ணிற் பிறந்த இசையில் ஆலை உண்டு, புகை உண்டு, கதிர்வீச்சு உண்டு. ஒழுங்கமைந்த தொழிலாளர் இயக்கம் இல்லை. தொழில்நுட்பமே கொலையாளியாகத் தோன்றுகிறதேயன்றி, அதனை உடைமையாகக் கொண்டோர் நிழலுருக்களாகவே நிற்கின்றனர். தாய்மொழி பிரெஞ்சாக இருக்க, சந்தையின் மொழியான ஆங்கிலத்திலேயே பாட நேர்ந்தமையும் இத்தொடர்பில் எண்ணத்தக்கது. ஒருவேளை எந்த ஊருக்கும் உரியதாகாத ஒரு விண்வெளியை அவர்கள் நாடியமைக்கு, சொந்த ஊரைச் சொந்த மொழியிற் பாட இயலாமையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

எனினும் இக்குறைகள் சாதனையை அழிப்பன அல்ல. 2005இல் புற்றுநோயால் டமூர் மறைந்தார். அவர் பதிவுசெய்து விட்டுச்சென்ற கிற்றார் இசையைக் கொண்டு எஞ்சியோர் 2009இல் 'இன்பினி' என்ற இசைத்தட்டை முடித்தனர். அவரது வாசிப்பு முறையை நன்கு கற்ற டானியல் மொங்றெயின் 2008 முதல் அவரிடத்தை ஏற்றார். 2018இல் வெளிவந்த 'தி வேக்' அடுத்த ஆண்டில் கனடாவின் ஜூனோ விருதைப் பெற்றது. அவர்கள் திறந்த வழியிற் பலர் நடக்கின்றனர். ஐக்கிய அமெரிக்காவின் டென்வர் நகரைச் சேர்ந்த பிளட் இன்கன்ரேஷன் என்னும் மெற்றல் குழு, 2024இல் வெளியிட்ட 'அப்சொலூற் எல்ஸ்வெயர்' இசைத்தட்டைப் பேர்லினின் ஹன்சா கலையகத்தில் உருவாக்கியது. ராஞ்சரீன் ட்றீம் குழுவைச் சேர்ந்த தோர்ஸ்ரன் குவேஷ்னிங் அதிற் பங்கேற்றார். அவ்விசைத்தட்டின் திறமையை நாம் மதிக்கிறோம். ஆயின் அங்கு 1970களின் விண்வெளி ஒலி அன்புடன் மீட்டெடுக்கப்பட்ட மரபுச்செல்வமாகவே நிற்கிறது. 1987இன் வொய்வொட்டுக்கோ அவ்வொலி சேகரித்து வைக்கும் செல்வமாக இருக்கவில்லை. தம்மைச் சூழ்ந்த உலகைப் புரிந்துகொள்ள வேறு வழி தெரியாத நான்கு இளைஞர் கையிலெடுத்த கருவியாகவே அது இருந்தது.

முற்போக்கு என்னும் சொல்லின் இரு பொருள்களும் ஒரு கலைப்படைப்பில் எப்போதும் இணைந்தே வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. அவை பிரிந்தே நிற்கும் என்பதும் பொய். 1987, 1988 ஆகிய ஈராண்டுகளில் அவை ஒன்றையொன்று தேடி வந்து கூடின. புதிய பொருளைச் சொல்லப் புதிய வடிவம் வேண்டியிருந்தது. புதிய வடிவம் கிடைத்ததால் முன்னர் காணாத பொருளும் கண்ணுக்குப்பட்டது. விண்வெளியைப் பாடுகிறது என்பதனால் ஒரு கலையை நாம் தள்ளிவிடின், அதன் ஒலிக்குள் இயங்கிக்கொண்டிருக்கும் உருக்காலையைக் கேளாமற் போவோம். சிக்கலான தாளத்தில் அமைந்தது என்பதனால் மட்டும் அதனைப் போற்றின், அவ்வுருக்காலை எப்போது மௌனமாயிற்று என்பதை அறியாமற் போவோம். இவ்விரு தவறுகளையும் தவிர்த்துக் கேட்கப் பழகுதலே முற்போக்கு விமர்சனத்துக்கு இன்று வேண்டப்படுவதாகும்.